கத்தி பிடிப்பவர் யார் என்று எழுதிக் கொடுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் முடி மாற்று சிகிச்சை நிலையம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே பணி செய்யும் மருத்துவர்களுக்கும்,

உங்களில் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எனக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவர் யார், அவருடைய பதிவு எண் என்ன? "டாக்டர் டீடெயில்ஸ் சர்ஜரி அன்னைக்குத்தான் சார் சொல்லுவோம், அது எங்க பாலிசி" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடமே இன்னொரு செய்தி. மாதம் முடிவதற்குள் அட்வான்ஸ் கட்டினால் மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் சலுகையாம், மீதியை இ.எம்.ஐ.யில் கட்டலாமாம். பணம் கட்ட வேண்டிய தேதி துல்லியமாக இருந்தது. மண்டையில் கத்தி வைக்கப்போகிறவருக்குத்தான் பெயர் இல்லை.

வேறு இடங்களிலும் விசாரித்தேன். வார்த்தை மாறியது, பதில் மாறவில்லை. அதனால்தான் ஒரு நிலையத்தின் பெயரைப் போட்டுத் திட்டாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒழுங்காக நடத்துகிறவர்களும் உங்களில் இருப்பார்கள். கீழே கேட்டிருப்பவற்றை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கோபம் வரக் காரணமில்லை.

எனக்கு 26 வயது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். கல்லூரி முடிப்பதற்குள்ளேயே நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறிவிட்டன. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் சொட்டை, ஆக எனக்கும் அதே வழிதான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தரகரிடம் கொடுக்க அம்மா என்னுடைய பழைய போட்டோவாகத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். சின்ன வெங்காயச் சாறு தேய்த்தாகிவிட்டது, கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சியாகிவிட்டது. திருவந்திபுரம் கோயிலில் ஒரு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். (மொட்டை போட்டு அடர்த்தியாக வளரும் என்றால் அந்த ஊரில் ஒரு சொட்டைத் தலையும் இருக்கக் கூடாது.) "முடிதானே, விடுப்பா" என்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது. உங்களுக்கு நன்றாகவே புரியும். உங்கள் வியாபாரமே இந்தக் கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. கூச்சத்தோடு வருகிறவன் நிறையக் கேள்வி கேட்க மாட்டான் என்று தெரிந்துகொண்டே நடத்துகிறீர்களே, அதுதான் என் புகார்.

கடலூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இலவச முடிப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். கோட் போட்ட ஒரு தம்பி, என்னைவிடச் சின்னவன்தான், செல்போனில் செருகிய குட்டிக் கேமராவைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு 4,000 கிராஃப்ட் என்றான். கிராஃப்ட் என்றால் வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக் கொத்து. பேக்கேஜ் 90,000 ரூபாய். அதே வாரம் புதுச்சேரி நூறடிச் சாலைப் பக்கம் ஓர் இடத்தில் 2,500 போதும் என்றார்கள், ஒரு கிராஃப்ட் 30 ரூபாய். ஒரே தலைக்கு ஒரே வாரத்தில் 1,500 கிராஃப்ட் வித்தியாசம். இன்னோர் இடத்தில் 6,000 என்றார்கள். பதறிப்போய்க் கேட்டால், அது முடிக் கணக்காம், கிராஃப்ட் கணக்கு இல்லையாம். ஒரு கிராஃப்டில் 1 முதல் 4 முடி வரை இருக்கும். இதைச் சொல்லாமல் ஒருவர் முடியில் எண்ணுகிறார், ஒருவர் கிராஃப்டில் எண்ணுகிறார். வாங்க வருகிறவன் எதை எதோடு ஒப்பிடுவான்?

அந்த முகாமில் ஊதா மார்க்கரால் என் நெற்றியில் ஒரு கோடு போட்டார்கள். புருவத்துக்கு மேலே நான்கு விரல் கூட இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு, 15 வயதில் கூட எனக்கு அங்கே முடி இருந்ததில்லை. "இப்படி வச்சா ஹீரோ லுக் ப்ரோ" என்று கண்ணாடியைக் காட்டினான் அந்தத் தம்பி. என் அப்பாவின் தலை எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சர்க்கரை, பிரஷர், ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா, ஒன்றும் கேட்கவில்லை. உச்சியில் மெலிந்திருக்கிறதா என்று குனியச் சொல்லிப் பார்க்கவில்லை. கடலூர் உப்புத் தண்ணீரும் ஹெல்மெட்டும்தான் காரணம் என்று மட்டும் சொன்னார்கள்.

உப்புத் தண்ணீரில் முடி முரடாகும், உடையும். ஆனால் நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும் குறிபார்த்துக் காலியாவது தண்ணீரால் அல்ல. தண்ணீர் பின்மண்டையிலும்தானே படுகிறது? டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு, பரம்பரையாக அந்த இடத்து முடிக்கால்கள் தாக்குப்பிடிப்பதில்லை. முடி வளர்ந்து உதிர்ந்து மறுபடி முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து மெலிந்து கடைசியில் பூனை முடியாகிவிடும். இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல 7 படிகள் கொண்ட ஹாமில்டன்–நார்வுட் அளவுகோல் இருக்கிறது. 1951ல் ஹாமில்டன் போட்டதை 1975ல் நார்வுட் திருத்தினார். உங்கள் விளம்பரப் படங்களிலும் அதே மண்டைப் படங்களைத்தான் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். நான் எந்தப் படி என்று கேட்டால் மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் போட்டால் சொட்டை விழும் என்று பையன்களிடம் சொல்லாதீர்கள். முடி போனால் போகட்டும், தலை வேண்டும்.

இளவயதுக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன், என் மனக்குறையில் முக்கால்வாசி இதுதான். முடி மாற்று சிகிச்சை முடி கொட்டுவதை நிறுத்தாது. பின்மண்டையிலும் பக்கவாட்டிலும் இருக்கும் உறுதியான முடியை எடுத்து முன்னால் நடுகிறது, அவ்வளவுதான். நட்டது நிற்கும். அதற்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த முடி தன் வழியில் கொட்டிக்கொண்டே போகும். பின்மண்டையிலிருந்து எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுக்க எடுக்கக்கூடியது பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 6,000 கிராஃப்ட் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். சிலருக்கு அதைவிடவும் குறைவு. 22 வயதில் எவ்வளவு தூரம் சொட்டை போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வயதில் 4,000 கிராஃப்டை நெற்றியிலேயே இறக்குவது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற வேலை.

என் பெரியம்மா மகனுக்கு அதுதான் நடந்தது. 22 வயதில் உங்களில் ஒருவரிடம் செய்துகொண்டான், இப்போது 24 முடிகிறது. முன்னால் அடர்த்தியாக ஒரு வரப்பு மாதிரி முடி நிற்கிறது, அதற்குப் பின்னால் மண்டை தெரிகிறது. போன மாதம் வில்லியனூரில் அவனோடு சலூனுக்குப் போயிருந்தேன். வெயிலுக்கு ஒட்ட வெட்டச் சொன்னான். சலூன் அண்ணன் பின்பக்கம் மிஷினை வைத்தவர் நிறுத்திவிட்டு, "தம்பி, இதுக்குக் கீழ போனா புள்ளி தெரியும், பரவாயில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். காதுக்கு மேலிருந்து பிடரி வரை கடுகு கடுகாக வெள்ளைத் தழும்பு. வெட்டாமலே எழுந்து வந்தான். இனி சரிசெய்ய முடியுமா என்று வேறொரு மருத்துவரிடம் போனால், முன்பு எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று முதலில் அதைக் கேட்கிறார். சொல்ல இவன் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

பில் கூட இல்லை. அதற்கும் கதை உண்டு. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தாலும் முடி மாற்று சிகிச்சைக்குக் கிடையாது. தீக்காயம், விபத்து போன்ற காரணமாக இருந்தால் தவிர 18 சதவீதம் கட்ட வேண்டும். 75,000 ரூபாய்க்கு 13,500. "பில் வேணாம்னா அது மிச்சம் சார்" என்று என்னிடமும் சொன்னார்கள். கேட்பவனுக்கு லாபம் மாதிரித் தெரியும். பில் இல்லை என்றால் அப்படி ஒரு சிகிச்சை நடந்ததற்கே சாட்சி இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவான்?

மாத்திரை விஷயம் இதைவிட மோசம். முகாம் முடிந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் மாத்திரை கொடுத்தார்கள். அட்டையின் ஓரம் பெயர் தெரியாதபடி நறுக்கப்பட்டிருந்தது, கவர் மேலே பேனாவில் "காலை 1" மட்டும். ஹேர் விட்டமின் என்றார்கள். அரசு மருத்துவமனை தோல் பிரிவில் வரிசையில் நின்று காட்டினேன். அந்த மருத்துவர் மாத்திரையின் மேல் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஃபினஸ்டரைடு என்றார். அது ஒன்றும் போலி மருந்து இல்லை. 1992ல் புரோஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராமில் வந்தது, 1997ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராமில் அனுமதி பெற்றது. டி.எச்.டி.யைக் குறைத்து இருக்கிற முடியைக் காப்பாற்றும், பலருக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நூற்றில் ஓரிருவருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும். மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று 2025ல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. இது மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்து. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற பையனிடம் இவ்வளவையும் மறைத்து "விட்டமின்" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சொன்னால் பயந்து ஓடிவிடுவான் என்றா? நான் ஓடவில்லை. அந்த மருத்துவர் எல்லாவற்றையும் சொன்னார், கேட்டுவிட்டு யோசித்து அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறேன், அவர் கண்காணிப்பில்.

கூடவே 5 சதவீத மினாக்ஸிடில் தடவுகிறேன். அது முதலில் பிரஷர் மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவுகிற மருந்தாக மாற்றினார்கள், 1988ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் சில வாரம் முடி கூடுதலாகவே கொட்டும், பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும், விட்டால் வந்தது போய்விடும். இதையும் தோல் பிரிவு மருத்துவர்தான் சொன்னார். ஒரு வருடம் கழித்து, சொட்டை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆக, நான் முடி மாற்று சிகிச்சைக்கு எதிரி இல்லை. நாளைக்கு உங்களிடமே வந்தாலும் வருவேன்.

அப்படி வருவதற்கு முன் உயிர் பயம் தீர வேண்டும். 2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். அந்த இடத்துக்கு சலூன் உரிமம்தான் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. 2025ல் கான்பூரில் இரண்டு பொறியாளர்களின் மரணம் தொடர்பான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் பல் மருத்துவர். இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது: முறையாகப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், பட்டறைகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது. உங்களில் ஒருவரிடம் "அவசரம் என்றால் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். ஆபரேஷன் தியேட்டரைத் திறந்து சுவரில் மாட்டிய டி.வி.யைக் காட்டினார்கள், சர்ஜரி நேரம் முழுக்கப் படம் பார்க்கலாமாம். ஏதாவது ஆனால் என்று மறுபடி கேட்டதற்கு "ஜிப்மர் பக்கத்துலதானே சார்" என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ராஜீவ் காந்தி சதுக்கத்தின் நெரிசலைத் தாண்டி, ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடு போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மண்டை மரத்துப்போக ஊசி போடுவீர்கள், அந்த மருந்துக்கு எடைக் கணக்கு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகைன் என்றால் வழக்கமாகச் சொல்லும் உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். என் 60 கிலோவுக்கு 420. போன இடங்களில் ஒருவர் கூட என் எடையைக் கேட்கவில்லை. கிராஃப்ட் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

இனி நான் கேட்பவை. எதுவும் சலுகை இல்லை, பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்திலும் விதியிலும் இருப்பவை.

முதலாவது, மருத்துவர் பெயர். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி பதிவு எண்ணை மருத்துவர் தன் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் போட்டாக வேண்டும். அதை மறைக்க உங்களுக்குப் பாலிசி எழுதும் உரிமை கிடையாது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே அறுவை செய்பவர் பெயர், பட்டம், பதிவு எண் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். முடிக்கால் எடுப்பது யார், நடுவது யார், மருத்துவர் எவ்வளவு நேரம் அறையில் இருப்பார் என்பதும் அதிலேயே வர வேண்டும். மருத்துவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. பலகையில் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

பதிவுச் சான்றிதழையும் கட்டணப் பட்டியலையும் வரவேற்பறையில் மாட்டுங்கள். புதுச்சேரிக்கு மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டம், கடலூருக்குத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம். மத்தியச் சட்ட விதிகளின்படி கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் எழுத வேண்டும். தமிழில் எழுதுங்கள், கிராஃப்ட் கணக்கில் எழுதுங்கள், ஜி.எஸ்.டி.யைச் சேர்த்து எழுதுங்கள். எல்லை தாண்டிக் கடலூரில் முகாம் போட்டு ஆள் பிடித்துப் புதுச்சேரியில் சிகிச்சை செய்பவர்கள், எந்தப் பதிவின் கீழ் எங்கே செய்கிறோம் என்பதை முகாம் நோட்டீசிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் புகார் கொடுப்பவன் எல்லையில் இருக்கும் ரெட்டிச்சாவடிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அலைய வேண்டியிருக்கும்.

25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் முதல் சந்திப்பிலேயே பணம் வாங்காதீர்கள். மருத்துவர் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சொட்டை என்று கேட்டு, எந்தப் படி என்று எழுதி, மருந்தில் தொடங்க வேண்டியவர் என்றால் மருந்தைச் சொல்லி அனுப்புங்கள். கல்லூரி வாசல் பேனர்களைக் கழற்றுங்கள். மாணவர் பேக்கேஜ் என்று ஒன்று இந்தச் சிகிச்சையில் இருக்கவே கூடாது.

மாத்திரையை அட்டையோடு, பெயரோடு, மருத்துவர் சீட்டோடு கொடுங்கள். எண்ணெய், சீரம் பாட்டில்களில் "வழுக்கைக்கு முழுத் தீர்வு" என்ற வரியை எடுத்துவிடுங்கள். குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் மருந்து விதிகளில் இருக்கிறது, அட்டவணை ஜே. வழுக்கை அதில் இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தந்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடுங்கள். சிகிச்சைக்கு முன் மனம் மாறினால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, பதிவேடு. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 3 வருடம் வரை வைத்திருக்க வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. எத்தனை கிராஃப்ட், எங்கிருந்து எடுத்தது, எந்த மருந்து எவ்வளவு, யார் செய்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். என் பெரியம்மா மகன் இந்தத் திங்கட்கிழமை விரைவுத் தபாலில் கேட்டு அனுப்புகிறான். உங்களில் யாருக்கு அந்தத் தபால் வருகிறதோ, அவர் அது கைக்குக் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் நகலை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு 26 வயதுக்காரன்